நாற்பத்தேழாம் கல்

பத்துப் பேர் ஒரே ஏரியை, ஒரே கரையில் நின்று, ஒரே காலையில் படம் பிடித்துவிட்டு, அந்தப் பத்துப் படமும் எப்படி வேறு வேறு என்று மூன்று மணி நேரம் பேசினால் அதற்குப் பெயர் புகைப்படப் பயிற்சி முகாம். போன ஞாயிறு படம் எடுத்தோம். இந்த ஞாயிறு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், அவற்றைத் திரையில் போட்டு அலசும் கூட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் தொப்பையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் குரு பாலு சார். பதினாறு பாக்கெட் வைத்த ஜாக்கெட் போட்டிருப்பார். எந்தப் பாக்கெட்டிலிருந்தும் அவர் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. இயற்கைக் காட்சி என்றால் மனிதன் கைபட்ட எதுவும் அதில் தெரியக் கூடாது என்பது அவருடைய வேதம். தாம்பரத்தைச் சுற்றி அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருந்தார். போனில் ஒரு வசதி இருக்கிறது. வேண்டாததன் மேல் விரலால் தேய்த்தால் அது மறைந்து, அந்த இடத்தில் தண்ணீரோ வானமோ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் தேய்த்தோம். மின்கம்பி போயிற்று, டவர் போயிற்று, அடுக்குமாடிகள் போயின. கூடுவாஞ்சேரி ஏரி ஒரே வாரத்தில் காஷ்மீர் ஆகிவிட்டது.

நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். வாரத்தில் ஆறு நாள் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். ஏழாம் நாள் அதையே இலவசமாகச் செய்கிறேன். முகாமில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அதனால், முதல் பரிசு என் படத்துக்கு என்று பாலு சார் சொன்னபோது ஆச்சரியப்பட்டது போல நடிக்க வேண்டியிருந்தது.

"குமரேசன் படத்தைப் பாருங்க. வேண்டாதது ஒண்ணுகூட இல்ல" என்றார். என் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமிட்டுக் கையில் கொடுத்தார்.

வாங்கியதும் எனக்கு வந்த முதல் கவலை, இதை எங்கே மாட்டுவது என்பதுதான். சேலையூரில் பன்னிரண்டு வருடமாக வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். எங்கள் கல்யாணப் படமே பீரோ மேல் சாய்ந்துதான் நிற்கிறது. சொந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்பதுதான் என் மனைவி ரோஹிணிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை.

அந்த ஆசை நிறைவேற மூன்றே நாள் இருந்தது. புதன்கிழமை பத்திரப்பதிவு. கூடுவாஞ்சேரி தாண்டி, 'ஏரிக்காற்று வீசும் மனைகள்', மனை எண் 47. மே மாதம் புரோமோட்டர் கதிரேசன் எங்களை ஏ.சி. காரில் கூட்டிப்போய்க் காட்டினார். ஏரி எங்கே என்று கேட்டேன். ரொம்பப் பக்கம் சார் என்றார். பாவம், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பாதி ரோஸ், பாதி பச்சை அடித்த எல்லைக்கல் மேல் கைவைத்து ரோஹிணி சிரித்தாள். அந்தப் படம்தான் இன்றும் என் போனின் முகப்பில் இருக்கிறது. அவள் கையில் அன்றைக்கு இருந்த நான்கு வளையல்களும் முன்பணத்தில் கரைந்துவிட்டன.

கடைசியாகத் திரைக்கு வந்தது ஷீலா அக்காவின் படம். குரோம்பேட்டையில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து நேராக முகாமுக்கு வந்தவர். அவர் மட்டும் எதையும் தேய்க்கவில்லை. மின்கம்பி, மிதக்கும் பாலிதீன் பை, ஒரு பக்கம் சாய்ந்த அடிவானம், தண்ணீருக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், எல்லாம் அப்படியே இருந்தன. முதலில் பாராட்டு, பிறகு குறை என்பது எங்கள் விதி. வானம் நன்றாக வந்திருக்கிறது என்று வானத்தைப் பாராட்டிவிட்டு, பாலு சார் லேசர் விளக்கை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கம்பியைச் சொன்னேன், பையைச் சொன்னேன், அடிவானத்தைச் சொன்னேன். சிவப்புப் புள்ளியைக் கற்களின் மேல் நிறுத்தி, "எந்தப் புண்ணியவான் ஏரிக்குள்ள மனை வாங்கினாரோ" என்றேன். பெஞ்சுகள் ஆடச் சிரித்தார்கள். ஷீலா அக்காவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள், அந்தக் கல்லைப் பெரிதாக்கிக் காட்டுங்கள் சார் என்று நானே கேட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

பெரிதாக்கினார். பாதி ரோஸ். மீதிப் பாதி தண்ணீருக்குள் இருந்தாலும், நீர்மட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் பச்சை தெரிந்தது. ரோஸ் நடுவில் கறுப்புப் பெயின்டில் 47.

மே மாதம் நாங்கள் ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்திலிருந்து, கொடி கட்டிய வளைவு வழியாகப் போனோம். போன ஞாயிறு முகாம் வேன் எங்களை எதிர்க்கரையில் கொண்டுபோய் இறக்கியது. மே மாதம் வெடித்துக் கிடந்த காய்ந்த மண்தான் ஏரி என்பது எனக்குத் தெரியவில்லை. மழை பெய்ததும் ஏரி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அது யாரிடமும் பத்திரம் காட்டத் தேவையில்லை. லேசர் புள்ளி கல்லைவிட்டு நழுவி நழுவி ஓடியது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஷீலா அக்காவே என்னிடம் வந்தார். "அந்த அழிக்கிறது எனக்கு வரல சார். கத்துக்குடுத்தீங்கன்னா கல்லை எடுத்துடறேன்."

"எதையும் எடுக்காதீங்க அக்கா. உங்க படம்தான் நல்ல படம். அப்படியே எனக்கு அனுப்புங்க."

அவர் முகம் வாடிவிட்டது. இன்னும் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் பேசும் லட்சணத்துக்கு வேறு எப்படி நினைப்பார்? இரண்டு தரம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அனுப்பினார்.

வீட்டில் ரோஹிணி சட்டத்தைக் கையில் வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். எவ்வளவு சுத்தமான இடம், நம் மனைப் பக்கமும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். இதை முன் அறையில் எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். நான் ஷீலா அக்காவின் படத்தைப் போனில் திறந்து நீட்டினேன்.

இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கைவைத்து நின்ற கல் அவளுக்குத் தெரியாதா? வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. புதன்கிழமை போக வேண்டாம் என்றாள். போகவில்லை என்றேன். முன்பணத்தைக் கதிரேசனிடமிருந்து எப்படியாவது வாங்கிவிடுவேன் என்றும் சொன்னேன். அதை நாங்கள் இரண்டு பேருமே நம்பவில்லை.

பிறகு அவள் போனையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் அதே ஒற்றைப் பனைமரம், அதே வளைந்த கரை.

"ரெண்டும் ஒரே இடம்தானே? உங்க படத்துல கல்லு எங்க?"

என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான்தான் அழிச்சேன். அதுக்குத்தான் பரிசு குடுத்தாங்க."