ஓர் அடி கீழே நடந்தவள்

“அம்மா, உந்த அன்ரிக்கு ஏன் பாதமில்லை?” என்று நான்கு வயது நிலக்சி கேட்டது, கனடாவின் யூனியன்வில் வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள். காரணம் எளியது. முந்தைய சொந்தக்காரர் இங்கிலாந்தில் நானூறு வருடப் பண்ணைவீடு ஒன்றைப் பிரித்து, அதன் ஓக் தூண்களையும் உத்தரங்களையும் கப்பலில் கொண்டுவந்து இங்கே நிறுத்தியபோது, தளத்தை மட்டும் ஓர் அடி உயர்த்திப் போட்டிருந்தார். தூண்களோடு ஆவியாக வந்துவிட்ட அந்தக் காலத்து வீட்டுக்காரி தன் பழைய தளத்திலேயே நடந்தாள். வெண்ணெய் கடைந்தாள், புகைபோக்கிக்குள் பன்றித் தொடையைத் தொங்கவிட்டாள், மாலையில் தணலைச் சாம்பலால் மூடி அதன்மேல் சிலுவை கீறினாள். அந்த நெருப்பும் கீழேயே எரிந்ததால் அதன் சூடு மேலே வரவில்லை. பக்கத்து வீட்டு நவரட்ணம் வந்து பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமையிலயும் பண்டியோ? நல்ல ஆளைத்தான் வைச்சிருக்கிறியள்” என்றார்.

நவம்பரில் ஒருநாள், நிலக்சியின் தாய் சுபாங்கி சாமிவிளக்கு ஏற்றிய பிறகு, கீழே நடப்பவள் தன் வெறும் உப்புப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். உப்பில்லாமல் இறைச்சி கெட்டால் அவள் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் முழுக்கப் பட்டினி.

“விளக்கு வைச்சாப் பிறகு உப்புக் குடுத்தா இலட்சுமி போயிடுவா, பிள்ளை” என்றார் தேத்தண்ணிக்கு வந்திருந்த நவரட்ணம்.

“பசிக்குக் குடுத்தா அவ கோவிக்கமாட்டா, அண்ணை. நீங்கள் கோவிக்காமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

சுபாங்கி கிண்ணம் நிறைய உப்பைத் தரையில் வைத்தாள். அது கிண்ணத்தோடு பலகைக்குள் மெல்ல இறங்கிப் போனது. பலகையில் கீறல்கூட விழவில்லை.

இரண்டு வருடம் கழித்து உறைமழை பெய்து, மரங்கள் முறிந்து வீதியை அடைத்தன. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, ஹீற்றர் நின்று வீடு குளிர்ந்துவிட்டது, போனும் செத்துவிட்டது. கணவன் வினோதன் வேலைக்குப் போன இடத்தில் அகப்பட்டிருந்தான். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. சுபாங்கி அதை நெஞ்சோடு அணைத்து, நிலக்சியையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, தேவாரம் சொல்லச் சொல்லவே மத்தியானத்தில் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது அறை வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையின் உதடு சிவந்திருந்தது. ஒருநாளும் மூட்டியிராத கணப்படுப்பில் தணல் குவிந்து கிடந்தது. அருகில் அந்த உப்புக் கிண்ணம், கழுவிக் கவிழ்த்தபடி. அதன் பக்கத்தில், மேல் தளத்துப் பலகையில், சாம்பல் படிந்த இரண்டு வெறும் பாதத் தடங்கள்.

நிலக்சி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“அம்மா, அந்த அன்ரிக்குப் பாதமிருக்கு. உங்கட சைஸ்தான்” என்றாள்.