பெயரில்லாத தாள்

மல்லாவிச் சந்தைக்கு முன்னாலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில், ‘லமினேற் செய்து தரப்படும்’ என்ற அறிவிப்புக்குக் கீழே நான் எழுதிய தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்ரிக் உறையில் பளபளவென்று, நான்கு மூலையும் வட்டமாக வெட்டப்பட்டு, ஓர் ஆணியில். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். முதலாவது குடை, இரண்டாவது ஆமை. ஏழாவதைப் பிழையாக எழுதி நான் வெட்டிய கோடுகூட அப்படியே தெரிந்தது. பக்கத்தில் என் கணவர் சுஜிதன், புது சிம் எடுப்பதற்காக அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுஜிதன் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்கு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். அவர்கள் சம்பளத்தைக் கிரிப்டோ காசாகத்தான் அனுப்புவார்கள். நான்கு வருடச் சேமிப்பு அவருடைய போனில், வொலட் என்கிற ஒன்றுக்குள் கிடந்தது. அரசாங்கம் வீட்டுத்திட்டத்தில் தந்த காசு சுவரோடு முடிந்துபோக, எங்கள் வீடு கூரையில்லாமல் மூன்று மாரி நனைந்துவிட்டது. அந்தச் சேமிப்புத்தான் கூரை. போன் தொலைந்தாலும் பன்னிரண்டு சொற்களையும் வரிசையாக அடித்தால் வேறு போனில் காசைத் திறக்கலாம் என்று சொல்லி, தை மாதம் ஒருநாள் என்னைக்கொண்டு அவற்றை எழுதுவித்தார். நனையக்கூடாது, கிழியக்கூடாது, ஒருத்தருக்கும் காட்டக்கூடாது என்றார். முதல் இரண்டும்தான் என் காதில் ஏறின.

நனைவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டைக்குள் உடையார்கட்டை விட்டு வெளிக்கிட்டபோது எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள் வழியில் சேற்றோடு கூழாகிப்போயின. நான் பிறந்தவள்தான் என்று காட்டுவதற்கு அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அன்றிலிருந்து தாள் என்று ஒன்று கையில் வந்தால் முதலில் கொப்பி, பிறகு லமினேற். கலியாண அழைப்பிதழைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. நேற்று அவருடைய போன் வாய்க்காலுக்குள் விழுந்து செத்துப்போனது. இன்று காலை அலுமாரியைத் திறந்து, லமினேற் செய்து வைத்திருந்த அந்தத் தாளை நீட்டினேனே, அந்தப் பெருமையை என்னவென்று சொல்ல! புதுப் போனில் சொற்களை அடித்தார். காசு சதம் குறையாமல் வந்து நின்றது. “கெட்டிக்காரியப்பா நீ” என்று வேறு சொன்னார்.

“தம்பி, உதை ஏன் உதில கொழுவியிருக்கிறியள்?” மெல்லக் கேட்டேன்.

கடைக்காரத் தம்பி தயாபரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “அது சாம்பிளுக்கக்கா. அண்டைக்கு உங்கட தாளை முதல் எடுக்கேக்க கொப்பி மங்கலா வந்திட்டுது. ஆற்றயும் பேரோ ஐடி நம்பரோ இருந்தா உடன கிழிச்சுப்போடுவன். இதில ஒண்டுமில்லைத்தானே, அதான் அந்தக் கொப்பியையே லமினேற் பண்ணிக் கொழுவினனான்.”

நல்ல பிள்ளை. கோபப்படக்கூட வழி வைக்கவில்லை.

அப்போதுதான் சுஜிதன் நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எவ்வளவு நாளாத் தொங்குது?”

“நாலு மாசமிருக்கும் அண்ணை. முந்தநாள் ஒருத்தர் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனவர். இந்த சைஸ் வடிவாயிருக்காம்.”

ஆணியிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றபடி, என் போனிலிருந்து இணையத்தை எடுத்து அவர் புதுப் போனைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“காசு கிடக்குது,” என்றார். “இப்ப வரைக்கும் கிடக்குது.” பிறகு மெதுவாகக் கேட்டார். “ஒருத்தருக்கும் காட்டாத எண்டெல்லோ சொன்னனான்?”

“நான் காட்டேல்லையப்பா. லமினேற் பண்ணத்தானே குடுத்தனான்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. நடுச்சந்தியில் அழவும் முடியவில்லை.

உடனே வேறு வொலட் திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும் என்றார். புதிய வொலட் புதிதாகப் பன்னிரண்டு சொற்களைத் தந்தது. “எழுது” என்றார். கடையிலிருந்து தாள் வாங்கிவரவா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பார்த்தால், தயாபரனுடைய பேனை என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. சட்டைக் கையை மடித்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எழுதினேன். அவர் போனைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கையில் முன்பும் ஒருமுறை பேனையால் எழுதப்பட்டது. உடையார்கட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, சனத்துக்குள் நான் தவறிப்போனால் என்று அம்மா என் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டார். அன்று பின்னேரமே அது வியர்வையில் அழிந்துபோனது.

அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

“காசு போட்டுதோ?”

“இன்னுமில்லை.”

வெயில் உச்சியில் நின்றது. வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. மணிக்கட்டில் பன்னிரண்டாவது சொல் நீலமாகக் கசியத் தொடங்கியிருந்தது. கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, நான் ஊதிக்கொண்டு நின்றேன்.