கைப்பிடி வைக்காத கதவு

அக்காவும் தம்பியும் நடத்தும் பட்டறை, வாடிக்கையாளர்களுக்குக் காட்டவென்று கட்டிவைத்த மாதிரி வீடு அது; ஒரு சுவிட்சுகூடக் கண்ணில் படாது. எங்கே பார்த்தாலும் கல்லும் மரமும்தான். சமையல் மேடையின் ஓரத்தில் விரல் வைத்தால் விளக்கு எரியும். கட்டிலின் தலைப்பலகையைத் தடவினால் திரைச்சீலை விலகும். பார்க்க வருகிறவர்கள் ஏதோ கனவுக்குள் வந்துவிட்டதுபோல் மெதுவாக நடப்பார்கள். ஆனால் எங்கே தொட வேண்டும் என்பது ஒருத்திக்குத்தான் மனப்பாடம். பட்டறையில் ஒவ்வொரு பலகையையும் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கம் குழி குடைந்து, சென்சாரை ஒட்டியவள் பெரியவள்தான்.

அவளுடைய தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். பட்டறைக்கு வாய் அவன். பேசச் சொன்னால் கல்லே கரையும். குழி எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ள மட்டும் பொறுமை கிடையாது. அங்கங்கே காகிதப் பொட்டு ஒட்டி ஒத்திகை பார்ப்பான். வெளியே கார் சத்தம் கேட்டதும் ஓடி ஓடி உரிப்பான். குளியலறையின் உட்பக்கத்தில், கதவைத் திறக்கும் இடத்தில் ஒட்டியதை மட்டும் விட்டுவைப்பான். கதவு மூடியபிறகு அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்று காலை அந்தப் பொட்டைப் பெரியவள் உரித்து எடுத்தாள். இடது கையால்.

வலது கையில் விரல்கள் இல்லை. தோல் நிறத்தில் ரப்பர் விரல்கள் மாட்டியிருந்தாள். முன்பொரு நாள் பட்டறையில், தடிமனான ஒரு கல் உள்ளே நுழையவில்லை என்று, அறுக்கும் மெஷினின் பிளேடு மூடியைச் சின்னவன் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டான். மூடி இருக்கும் நினைப்பில் அவள் வழக்கம்போல் கையை வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கண் விழிப்பதற்குள் அவன் அம்மாவிடம் கதையை முடித்திருந்தான். "அக்காதாம்மா கழட்டினா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

அம்மா நம்பினாள். அன்றிலிருந்து மகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம், "உன் அவசரத்துக்கு வந்த வினைடி" என்று ஒரு வரியையும் சேர்த்தே ஊட்டினாள். விரல் போனதைவிட அந்த வரிதான் பெரியவளுக்கு அதிகம் வலித்தது. அது பொய் என்று அவனே தன் வாயால் சொல்ல வேண்டும், அம்மா காதால் கேட்க வேண்டும். அதற்காகப் பட்டறையே மூழ்கினாலும் சரி.

பொட்டை உரித்த சிறிது நேரத்தில் அடுக்குமாடி கட்டும் முதலாளியம்மா வந்து இறங்கினார். தம் கட்டடம் முழுவதற்கும் இந்த வேலையையே கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர். மகன் ஜெயிப்பதைப் பார்க்க அம்மாவும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஈரக் கையோட தொட்டா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"ஜம்முனு வேலை செய்யும் மேடம்."

"வீட்டுக்கு வந்தவங்க இருட்டுல எங்கன்னு தேடுவாங்க?"

"ஒரு நாள் பழகினா கையே தேடிப் போயிடும்." அவன் சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் நுழைந்தான். "இப்போ பாருங்க. நான் உள்ள போனதும் இங்க ஒரு கதவு இருந்ததே தெரியாது."

கல் பதித்த கதவு நழுவி வந்து மூடிக்கொண்டது. சுவர் ஒரே சுவரானது. முதலாளியம்மா கை தட்டினார்.

 பிறகு உள்ளே விசிறி சுற்றியது. ஒரு பாட்டு பாதியில் தொடங்கி நின்றது. தொப் தொப்பென்று உள்ளங்கையால் சுவரெங்கும் அறையும் சத்தம். அதைத் தொடர்ந்து ஷவர் கொட்டியது.

"ஐயோ! அக்கா! பொட்டைக் காணோம்!"

"எந்தப் பொட்டுடா?" என்றாள் பெரியவள், சுவருக்கு வெகு அருகில் நின்று.

"விளையாடாதே! தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. சுவரெல்லாம் நனைஞ்சு லைட்டு தானா எரியுது, அணையுது. வெளிப்பக்கம் தொட்டுத் திற!"

அவள் ரப்பர் விரல்களைச் சுவரில் சரியான இடத்திலேயே பதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தாள். முதலாளியம்மா அந்தக் கையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம், இந்தச் சுவருக்கு என்னைத் தெரியல. உயிருள்ள விரலைத்தான் தெரியும்."

"மெயினை அணைச்சா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பூட்டு அப்படியே நிக்கும். கைப்பிடி ஒண்ணு வைடானு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அழகு கெட்டுடும்னான்."

"இன்னொரு கை இருக்கேடி!" என்று பதறினாள் அம்மா. "புள்ளை நடுங்குறான். சளி பிடிச்சுக்கும். எங்க தொடணும்னாவது சொல்லு, நான் தொடுறேன்!"

"சொல்றேம்மா. முதல்ல அவன் சொல்லட்டும்." பெரியவள் குரலை உயர்த்தவில்லை. "டேய், பிளேடு மூடியை யாருடா கழட்டினது?"

உள்ளே மறுபடியும் சுவரை அறையும் சத்தம் கேட்டது.

"இப்போ அதுவா முக்கியம்? வெளிய ஆளுங்க நிக்கிறாங்க அக்கா. மானம் போகுது."

"எனக்குப் போனது விரல்."

"நீதான் கழட்டினே! எல்லாருக்கும் தெரியும்!"

"சரி. அப்போ குளிச்சு முடிச்சுட்டு வா. மேடம், வாங்க, சமையலறையைப் பாக்கலாம்."

காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே அவள் அழுத்தி நடந்தாள். முதலாளியம்மா மட்டும் நகரவில்லை. பெரியவள் கூடத்தின் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

"நான்தான்!" சுவருக்குள்ளிருந்து அலறல் வந்தது. "நான்தான் கழட்டினேன்! கல்லு உள்ள போகலை, கழட்டிட்டேன், சொல்ல மறந்துட்டேன். போதுமா? திற!"

முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் கிளம்புறேன். எங்க வீடுங்களுக்குத் தாழ்ப்பாளே இருக்கட்டும்." வாசலில் ஒரு கணம் நின்று பெரியவளுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பட்டறை மூழ்கிவிட்டது என்று பெரியவளுக்குப் புரிந்தது. வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. திரும்பி வந்து சுவரில் வைக்க இடது கையைத் தூக்கினாள்.

அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. மகளின் ரப்பர் விரல்களை அவள் அதுவரை தொட்டதில்லை. இப்போது தொட்டுப் பார்த்தாள்.

"திறக்காதே."

"அம்மா?"

"சொல்ல மறந்தது அன்னிக்கு ஒரு நாள். அப்புறம் இத்தனை நாளும் என் முகத்தைப் பாத்துப் பாத்துச் சொன்னானே, அது?" அம்மா நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள். "டேய், மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம. நான் உக்காந்து கேக்குறேன்."

பெரியவள் தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.