தயிர்சாதமும் ஊதுகருவியும்

தயிர்சாதத்தை வெல்லும் விஸ்கி உலகில் இன்னும் வடிக்கப்படவில்லை என்பது வாசுவின் திடமான முடிவு. ராத்திரி எத்தனை பெக் இறங்கினாலும், மேலே இரண்டு கரண்டி தயிர்சாதம் விழுந்துவிட்டால் காலையில் மனிதன் பச்சைக் குழந்தை. சொல்பவன் சாதாரண ஆளில்லை. துபாய்க் கட்டுமான நிறுவனமொன்றின் பாதுகாப்பு மேலாளன். தினமும் நானூறு தொழிலாளர்களுக்கு ஹெல்மெட்டின் மகிமையைப் போதிப்பவன்.

ஆகவே நண்பன் சதீஷ்குமாரைப் பார்த்தாலே அவனுக்கு இளக்காரம். குடித்துவிட்டு ஓட்டி மாட்டிய சதீஷைச் சிறைக்கு அனுப்பாமல், அப்படிப்பட்டவர்களுக்கென்றே இருக்கும் தனி நீதிமன்றம் ஆறு மாதக் கண்காணிப்பில் வைத்திருந்தது. லைசென்ஸ் பறிமுதல். தினமும் காலையில், மூச்சிலுள்ள மதுவை அளக்கும் கையடக்கக் கருவியில் ஊதி, அது காட்டும் எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

கடைசி விசாரணைக்கு வாசுவே காரில் அழைத்துப் போனான். பக்கத்து சீட்டில் சதீஷ் ஊதினான். பூஜ்யம். கருவியை டாஷ்போர்டில் வைத்தான்.

"வித்வான் கச்சேரிய முடிச்சிட்டாரு," என்றான் வாசு. "தயிர்சாதத்துல முடியவேண்டிய சமாச்சாரம். இதுக்குப் போயி ஒரு கோர்ட்டு, ஒரு ஜட்ஜு!"

"நேத்து நைட்டு நீ எத்தன மணிக்குடா நிறுத்தின?"

"மூணு. அதுக்கென்ன இப்போ? ஸ்டெடியா ஓட்டறேன்ல?"

சதீஷ் சீட்பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

நீதிமன்றத்தில் சதீஷுக்கு முன்னால் ரிஷி என்றொருவன் நின்றான். கண்காணிப்பு முடிந்து லைசென்ஸ் திரும்பிய மாதமே மறுபடி சிக்கியவன்; அதுவும் காலை ஏழரைக்கு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது.

"சார், குடிச்சது நைட்டுதான் சார். தயிர்சாதம் சாப்பிட்டுத்தான் படுத்தேன்."

மொழிபெயர்ப்பாளர் கலீலுர் ரஹ்மான் அரபியில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "இத அப்படியே சொல்லவா தம்பி?" என்று கேட்டார். ரிஷி தலையாட்டினான். சொன்னார்.

நீதிபதி சிரிக்கவில்லை. நாடு கடத்தல். வேலை, விசா, மகளின் படிப்பு, எல்லாம் கலாஸ். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். வாசுவின் மகள் சம்யுக்தாவுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. அவன் வாட்டர் பாட்டிலைத் தேடினான்.

சதீஷின் பெயர் அழைக்கப்பட்டபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

வெயிலில் நின்ற காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாசு தலையைக் குனிந்து ஊதினான். சிவப்பு எண். கருவியின் வாயைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தான். மறுபடி ஊதினான். அதே எண். கார் சாவியைக் கழற்றிப் பின்சீட்டில் எட்டாத தூரத்தில் போட்டுவிட்டு, கன்னங்கள் உப்ப, மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தான்.