கதவுக்குப் பின்னால் இருந்த பலகை

பெரியவள் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிய நாளிலிருந்து, ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சின்னவள் தலையில் விழுந்தது. முப்பத்தெட்டு வயதில் நல்ல வேலையை உதறிவிட்டு எட்டு மாதம் நாடு நாடாகப் போவார்களா என்று மாமா வாரம் தவறாமல் வந்து கேட்டார். கேட்கப்பட வேண்டியவள் விமானம் ஏறிவிட்டாள். அகப்பட்டவள் தங்கைதான்.

பெரியவளின் தொழில் வழிகாட்டிப் பலகைகள் வடிவமைப்பது. மருத்துவமனைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் அம்புக்குறி போட்டே பதினோரு வருடம் தள்ளியவள். போன இடத்திலிருந்து கடலையோ மலையையோ படமெடுத்து அனுப்பினாளா என்றால் அதுவும் இல்லை. ஒரு கழிப்பறை அம்புக்குறி. மூன்றாகப் பிரியும் படிக்கட்டு. புரியாத எழுத்தில் ஏதோ எழுதிப் பூட்டிய கதவு. எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே வரி: இங்கே தொலைந்துபோனேன். வருகிறவர்களிடம் இதைக் காட்டி என்ன பெருமை பேசுவது? மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கழிப்பறைப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதைப் பாக்கவா டிக்கெட் எடுத்துட்டுப் போனா?" என்றார்.

திரும்பி வந்தபோது பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நான்கு இடங்களில் நேர்காணலுக்குப் போனாள். நான்கிலும் அந்த எட்டு மாதத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டார்கள். நான்கிலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஐந்தாவது, நகரத்தின் பெரிய மருத்துவமனை. பலகைகள் மொத்தத்துக்கும் பொறுப்பாளர் பதவி. இதுவும் போனால் இந்தத் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான் என்று பெரியவளே சொல்லியிருந்தாள். அதனால்தான் சின்னவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏற்றி, பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பதரைக்கே கொண்டுவந்து இறக்கினாள்.

இறங்கியவள் நேர்காணல் நடக்கும் மாடிக்குப் போகவில்லை. எக்ஸ்ரே பிரிவுக்குத் திரும்பும் முனையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, நேர்காணல் கடிதத்தின் பின்பக்கம் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நின்ற காவலாளியிடம் யாராவது வழி கேட்டால் ஒரு கோடு. நேர்காணலுக்கு எடுத்துப்போக வேண்டிய கடிதத்தை இப்படிக் கிறுக்கி வைப்பாளா ஒருத்தி?

"மணி பத்து ஆகப்போகுது. போறியா, இல்ல நான் போய் உக்காரட்டுமா?"

"இருடி. கையில கட்டுப் போட்ட அந்த ஆள் மூணாவது தடவையா திரும்பி வராரு பாரு."

ஏழு நிமிடம் தாமதமாக உள்ளே போனாள். சின்னவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, மாமாவிடம் இன்றைக்கு எந்தப் பொய்யைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நேர்காணல் எடுக்க வேண்டிய மூன்று பேரும் பெரியவளுக்குப் பின்னால் படியிறங்கி வந்தார்கள். சண்டை போட்டுவிட்டாள், வெளியே தள்ளத்தான் வருகிறார்கள் என்று சின்னவள் எழுந்தே விட்டாள்.

எட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, வழி தெரியாமல் நின்றேன் என்று பதில் சொன்னாளாம். அரை மணியில் முப்பத்தொரு பேர் எக்ஸ்ரேக்கு வழி கேட்டதாகக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினாளாம். அங்கேதான் பலகை இருக்கிறதே என்று மூவரில் ஒருவரான மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கோபப்பட, வந்து பாருங்கள் என்று கூட்டிவந்துவிட்டாள்.

பலகை இருந்தது. எழுத்தும் தெளிவு, அம்பும் சரி. ஆனால் முனையிலிருந்த பெரிய கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. திறந்தால் பலகை கதவுக்குப் பின்னால் போய்விடும்.

"எந்தப் புத்திசாலி வரைஞ்சு குடுத்தது இது?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான்தான் சார். பழைய கம்பெனில, வரைபடத்தைப் பாத்து மேசையிலயே குறிச்சேன். இங்க வந்து பாக்கல. எனக்கு அப்ப தொலைஞ்சு பழக்கமில்ல."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வாயை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் பிழைப்பது?

பிழைத்தாள். அந்தப் பதவி அவளுக்கே கிடைத்தது, பழையதைவிட இரண்டு படி மேலே. அவளை ஊர் சுற்றிவரச் சொன்னதே தான்தான் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதையும் சின்னவள்தான் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

நான்கு வருடம் கழித்து, அதே மருத்துவமனையில், நோயாளியாகப் பெரியவள் படுத்தாள். ஒரு முற்பகலில் தங்கைக்குப் போன் வந்தது: காலையில் வேறு கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறோம், உடனே வாருங்கள். அந்தக் கட்டடத்துக்குள் சின்னவள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. வண்டியை விட்ட இடத்திலேயே அக்கா வைத்த முதல் பலகை இருந்தது. அவள் கால் எங்கே தயங்கியதோ அங்கெல்லாம், கண்ணுக்கு நேரே, ஒன்று இருந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் திரை இழுத்திருந்த கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

கழற்றிய குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

சின்னவள் திரையை விலக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருட எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"ஒரு திருப்பத்துலயாவது என்னை நிக்க விட்டிருக்கலாம்ல, அக்கா," என்றாள்.