முதல் பயணத்துக்கு ஒரு துணை

நெஞ்சைத் திறந்து தைத்த பிறகும் பொழுதுபோக்குக்குக் குட்டி விமானம் ஓட்டலாமா என்று, கத்தி வைத்தவர் வாயாலேயே கேட்டுவிட வந்திருந்தார் அச்சகக்காரர். டிரெட்மில், ஸ்கேன் முடிவுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார் ஆபரேஷன் செய்த அந்த இதய டாக்டர்.

"புது இன்ஜின் மாதிரி ஓடுது. தாராளமா பறக்கலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும், டாக்டர்."

"நான் எதுக்குங்க?"

"எங்க ஃப்ளையிங் கிளப் வழக்கம். இன்ஜினைப் பிரிச்சு மாட்டின மெக்கானிக், முதல் தடவை பைலட் பக்கத்துல உக்காரணும். அப்பதான் ஒரு போல்ட்டைக்கூட ஏனோதானோன்னு முடுக்க மாட்டாரு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கழற்றி வைத்த ஸ்டெதஸ்கோப்பை டாக்டர் மறுபடி காதில் மாட்டினார்.

"சட்டையைக் கழட்டுங்க. எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்."