சுந்தரராமனின் பரம்பரை இருதயம்

சிட்லபாக்கம் சுந்தரராமனுக்கு ஐம்பத்தோரு வயது முடிவதற்குள் மாரடைப்பு வந்தே தீரவேண்டும். தாத்தா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் அந்த வயதைத் தாண்டவில்லை. இவருக்கு இன்னும் நான்கே மாதம் பாக்கி. பத்து வருஷமாக நெய், தேங்காய், சிரிப்பு எதையும் கிட்டே சேர்க்காத மனிதர்.

மாரடைப்புக்கு மரபணுவில் காரணம் தேடுகிறோம் என்று 1994-இல் ஒரு ஆராய்ச்சிக் குழு மேற்குத் தாம்பரம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டது. மனைவி காமுவையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். கையில் வம்சாவளிப் படம். ஆண்களைச் சிவப்பு மையில் வரைந்திருந்தார். பெண்கள் எதற்கென்று அவர்களைப் பென்சிலோடு நிறுத்திவிட்டார்.

டாக்டர் வைத்தீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். “இப்படி ஒரு குடும்பத்தைத்தான் சார் தேடிண்டிருக்கோம்! பெத்த அப்பா பேர் சொல்லுங்கோ.”

“பெத்த அப்பாவா? அவர் வேற. நான் சுவீகாரம். வளர்த்த அம்மாவோட அக்கா பிள்ளை. பெத்தவர் கும்பகோணத்துல இருக்கார். எண்பத்தாறு வயசு, தினம் போளி சாப்பிடறார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ உங்களுக்கு அந்த ரத்தமே இல்லையே சார்.”

“அதெப்படி? கோத்திரம் வந்தது, வீடு வந்தது, முப்பது வருஷமா திவசம் பண்றேன். இது மட்டும் வராதா?”

“கோத்திரம் ஹோமத்துல மாறும். ஜீன் மாறாது.”

பிழைத்தோம் என்று குதிக்கவேண்டிய மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குடும்பத்தைவிட்டே தள்ளிவைத்தது போல இருந்தது. “ஒரு ஓரத்துலயாவது என் பேரைப் போட்டுக்கோங்கோ டாக்டர்,” என்று கெஞ்சினார்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுக்கப்போன கை பாதியில் நின்றுவிட்டது. “இந்தப் பென்சில்ல இருக்கிறது யாரு? நாப்பத்தெட்டு வயசுல போயிருக்காளே.”

“வளர்த்த அப்பாவோட தங்கை. எனக்கு மாமியார். அத்தை பொண்ணைத்தானே கல்யாணம் பண்ணிண்டேன்.”

சொல்லும்போதே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. டாக்டர் பெஞ்சில் இருந்த காமுவைக் கூப்பிட்டார். “மாமி, மாடி ஏறினா மூச்சு வாங்கறதா? மார்ல பாரமா இருக்குமா?”

காமு கணவரைப் பார்த்துவிட்டு, “இருக்கும். ஒரு அஞ்சு மாசமா,” என்றாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது மாதிரி.

அந்தக் குடும்பத்தின் ரத்தம் இத்தனை வருஷமாக எதிரிலேயே உட்கார்ந்து சுந்தரராமனுக்குப் பத்தியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“டாக்டர், இவளுக்கு எல்லாத்தையும் இன்னிக்கே பாத்துடுங்கோ. ஏன் காமு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ?”

“சொல்லத்தான் வருவேன். எப்ப வந்தாலும் நீங்க கண்ணை மூடிண்டு உங்க நாடியை எண்ணிண்டிருப்பேள். குறுக்கே பேசினா எண்ணிக்கை தப்பிடுமேன்னு திரும்பிப் போயிடுவேன்.”